வெந்நீர்ச் சாதனத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

வத்தல்மலை கடல்மட்டத்திற்கு 3,000 அடிக்கும் மேல் உயர்ந்தது. காப்பியும் மிளகும் விளையும் பால்சிலம்பு, பெரியூர், ஒன்றியங்காடு முதலிய ஊர்களில், மார்கழி தை மாதங்களில் விடியற்காலைக் குளிருக்குக் கதவு சன்னல்களை இறுக மூடிக்கொள்வது இயல்பே. வெந்நீர்ச் சாதனம் வாங்குவோர் முதலில் எண்ண வேண்டியது இந்த மூடிய அறையைப் பற்றித்தான். விலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடைபட்ட அறை, அடைபட்ட பாத்திரம் ஆகிய இரண்டிலுமே பேராபத்து இருக்கிறது.

குளியலறைச் சுவரில் மாட்டும் எரிவாயு வெந்நீர்க் கருவியை எடுத்துக்கொள்வோம். அது எரிவதற்குக் காற்று வேண்டும். மூடிய சிற்றறையில் பிராணவாயு குறையவே, எரிவாயு அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டாகிறது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாக அது ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் தோன்றி, குளிப்பவர் உதவிக்கு அழைக்கும் முன்பே மயங்கி விழக்கூடும். அவரை உடனே வெளிக்காற்றுக்குக் கொணர்ந்து, 108-ஐ அழைத்தல் வேண்டும். மலைப்பாதையில் வண்டி வந்து சேர நேரமாகும் என்பதால் வருமுன் காப்பதே இங்கு மிகவும் அவசியம். இரவில் கணப்புச் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தி உறங்குவதும் இதே ஆபத்துடையது.

தங்கும் அறையுள்ள படகுகளிலும் இதே சிக்கல் உண்டு. அவற்றிற்கு ஏற்றது, வெளிக்காற்றைக் குழாய் வழியே இழுத்துப் புகையையும் வெளியிலேயே விடும் வகையாகும். மேலும், சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடித்தட்டில் தேங்கும். நம் வீட்டிலோ தாழ்ந்த தரையில் தேங்கும். ஆகவே கருவியையும் சிலிண்டரையும் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் அமைத்து, வெந்நீரை மட்டும் குழாய் வழியே உள்ளே கொணர வேண்டும்.

இனிப் பாத்திரத்தைக் கவனிப்போம். நம் பாட்டனார் காலத்துச் செம்புப் பாய்லர் எளிய கருவியெனினும் நுட்பமானது. நடுக்குழாயில் சுள்ளி எரியும். சுற்றிலும் நீர் நிற்கும். புனல் வழியே ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் அது அடியில் இறங்கி, மேலே நிற்கும் சூடான நீரை ஒரு குடம் வெளியே தள்ளும். புனலின் வாய் திறந்திருப்பதால் உள்ளே அழுத்தம் சேர்வதில்லை. புனலை எடுத்துவிட்டு மேல்தொட்டிக் குழாயை நேரே இணைத்து, வெளிவாயிலும் திருகு வைத்து அடைப்பது கொடிய தவறு. நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,600 மடங்கு விரியும். போக வழியில்லையெனில் பாத்திரம் வெடிக்கும். காப்பித் தோட்டத்து நிழல்மரங்களைக் கவாத்து செய்த சுள்ளி கிடைக்கும் குடும்பங்களுக்கு, வீட்டுக்கு வெளியே தாழ்வாரத்தில் வைத்த பாய்லரே போதுமானது என்பது எமது கருத்து. நீரின்றி மட்டும் தீ மூட்டலாகாது.

மின்சாரக் கொதிகலனில் அழுத்தம் விடும் வால்வு உண்டு. அது சொட்டுகிறதென்று அடைத்துவிடுவோர் இருக்கின்றனர்! உப்பு நீரில் படியும் காரை அதை இறுக்கிவிடுமாதலால் ஆண்டுக்கொருமுறை சோதிப்பது நன்று. வாங்கும்போது ஐ.எஸ். 2082 முத்திரையையும், வாளியில் இடும் கம்பிக்கு ஐ.எஸ். 368 முத்திரையையும் பார்க்கவும். நில இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் இன்றியமையாதவை. பிளக்கைப் பிடுங்காமல் வாளி நீரைத் தொடவே கூடாது.

பள்ளி விடுதிகளுக்குச் சூரிய வெந்நீர்ச் சாதனம் மிகவும் ஏற்றது. நீர் உறையும் குளிர் இங்கில்லை. ஆதலால் குளிர்நாடுகளில் பயன்படும் உறையாத் திரவம் தேவையில்லை. பனிமூட்ட நாட்களில் சூடு குறையும் என்பதே குறை. தொட்டியின் காற்றுப்போக்கிக் குழாய் குளிர்நீர்த் தொட்டியைவிட உயர்ந்து, எப்போதும் திறந்திருத்தல் வேண்டும். விடுதியைப் பார்வையிடச் செல்லும் பஞ்சாயத்து உறுப்பினர் அண்ணாந்து பார்த்தாலே இது தெரியும். நல்ல வெயிலில் இந்நீர் 60 டிகிரியைத் தாண்டும். அச்சூடு சில விநாடிகளில் தோலைப் புண்ணாக்கிவிடும். எனவே வாளியில் முதலில் தண்ணீரும் பின்னர் வெந்நீரும் விடும்படி பிள்ளைகளைப் பழக்குதல் வேண்டும்.