சர்க்கரை இருந்தால் சிசேரியன்தானா?

பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள் என்பதால், மாட்டுங்காவில் நம்மவர்கள் கூடும் இடங்களில் என்னிடம் அடிக்கடி இதைக் கேட்கிறார்கள்.

கர்ப்பத்தில் சர்க்கரை வந்தது என்பதற்காகவே வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் வழிகாட்டுதலும் சுகப்பிரசவத்தையே முதலில் வைக்கிறது. குழந்தையின் எடை 4 கிலோவைத் தாண்டும் என்று தெரிந்தால்தான் 39-வது வாரத்தில் சிசேரியனை யோசிக்கச் சொல்கிறது. தாயின் சர்க்கரை குழந்தைக்கும் போய்த் தோள் பருத்துவிடும். தலை வெளிவந்தபின் தோள் சிக்கினால் ஆபத்து. ஆனால் ஸ்கேன் சொல்லும் எடை ஒரு கணக்குதான், தராசு அல்ல. முன்பின் இருக்கும்.

நமக்கு இன்னொரு சிக்கல், தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தஞ்சாவூருக்கோ திருநெல்வேலிக்கோ ரயிலேற்றுகிறோம். சர்க்கரை ஏறும் காலமும் அதுதான். இன்சுலின் அளவை அங்கே யார் பார்ப்பார்கள் என்று கேட்காமலே டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள்! அனுப்புவதில் தவறில்லை. பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும். ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுத்து, குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கும் ஆஸ்பத்திரியாக முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். சர்க்கரை அளவு எழுதிய நோட்டும் பெண்ணோடு போகட்டும்.

6 வாரம் கழித்துத் தாய்க்கு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து மறுபரிசோதனை உண்டு. பச்சை உடம்புக்காரி என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்.