பத்து வரியில் ஒரு தேர்தலாம்!

வாக்கு எண்ணுவது பத்து வரி புரோகிராம்தான் என்ற பேச்சு எங்கள் பக்கத்தில் ஓயவே மாட்டேன் என்கிறது. கேரளத்து விதுரா பஸ் ஸ்டாண்டில் கேட்கிறேன். 22 கொண்டை ஊசி வளைவு ஏறிப் பொன்முடி தோட்டத்து லயங்களுக்குப் போனால் அங்கேயும் கேட்கிறேன். சாதாரண நாளில் அது பெற்றோரின் பெருமை: "நம்ம பையன் எலெக்‌ஷன் புரோகிராமே எழுதிட்டான் சார், பத்தே வரி." தேர்தல் நெருங்கினால் அதே பேச்சு வேறு குரலில் வரும்: "சின்னப் பையனே எழுதுறான். மெஷினுக்குள்ளயும் அதுதானே இருக்கும்? ஒரு வரி சேர்த்தா கதை முடிஞ்சுது." இரண்டுமே தப்பு. தப்பின் வேர் ஒன்றுதான். எண்ணுவதுதான் தேர்தல் என்ற நினைப்பு.

அந்தப் புரோகிராமைப் பயிற்சியாகக் கொடுப்பதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோடிங் வகுப்பு எடுக்கும் நானே பிள்ளைகளுக்கு அதைத்தான் கொடுக்கிறேன். கேரளத்துப் பள்ளிகளில் பள்ளி நாடாளுமன்றத் தேர்தலை லேப்டாப்பில் நடத்துவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அதற்கென்றே 'சம்மதி' என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. பட்டனை அமுக்கி ஓட்டுப் போட்ட பிள்ளைக்கு, இதை நாமும் செய்யலாமே என்று தோன்றுவது இயல்பு. ஹார்வர்டின் புகழ்பெற்ற சிஎஸ்50 பாடத்திலும் தொடக்க வாரங்களிலேயே இப்படி ஒரு கணக்கு வந்துவிடும். நல்ல கணக்கு. அதைப் 'பத்து வரி' என்று சொல்லி முடித்துவிடுவதுதான் எரிச்சல்.

பிள்ளை எழுதுவதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். வேட்பாளர் பட்டியல் ஒன்று, ஒவ்வொருவருக்கும் பூஜ்யம். ஓட்டு விழ விழ ஒன்று கூட்டு. கடைசியில், 'இதுவரை அதிகம்' என்று ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு பட்டியலை மேலிருந்து கீழே படி. பெட்டியில் இருப்பதைவிடப் பெரிய எண் வந்தால் பெட்டியை மாற்று, பெயரையும் மாற்று. படித்து முடிந்ததும் பெட்டியில் இருக்கும் பெயர்தான் வெற்றியாளர். ஓட்டிப் பார்த்தால் அழகாக ஓடும். கைதட்டு.

இப்போது அனிதாவுக்கு 14, முருகனுக்கு 14 என்று கொடுங்கள். அனிதா ஜெயித்துவிடுவாள். ஏன்? பட்டியலில் அவள் முதலில் இருக்கிறாள். முருகனின் 14, அனிதாவின் 14-ஐவிடப் பெரியது இல்லை, ஆகவே பெட்டி மாறவில்லை. 'பெரியது' என்ற குறியை 'பெரியது அல்லது சமம்' என்று மாற்றுங்கள், முருகன் ஜெயிப்பான். ஒரே ஒரு குறி. அதைப் போட்ட பிள்ளைக்குத் தான் ஒரு தேர்தலைத் தீர்மானித்துவிட்டோம் என்பதே தெரியாது. அகர வரிசையில் பட்டியல் போடும் வகுப்பில் 'அ'காரப் பெயர்க்காரர்களுக்கு ஆயுள் முழுக்க லாபம்.

நம் சட்டம் இதை யோசித்திருக்கிறது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65-ஆம் பிரிவின்படி, இருவரும் சமம் என்றால் குலுக்கல். சீட்டில் பெயர் வந்தவருக்கு ஒரு ஓட்டு கூடுதலாக விழுந்ததாகக் கொள்ளப்படும். 2017-இல் மும்பை மாநகராட்சியின் ஒரு வார்டு அப்படித்தான் சீட்டெடுத்து முடிவானது. சிஎஸ்50 கணக்கிலோ சமமாக வந்த எல்லோர் பெயரையும் அச்சிட வேண்டும். அந்த ஊர் வகுப்புக்கு அது சரி. பெரிங்ஙம்மலை பஞ்சாயத்துக்கு இரண்டு மெம்பர்களை அனுப்ப முடியுமா? விதி இல்லாமல் புரோகிராம் இல்லை. விதியைக் கேட்காமல் விசைப்பலகையில் கை வைக்கிற பழக்கம் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வந்தது? நம்மிடமிருந்துதான்.

அடுத்து, பெயர். பத்து வரிக்காரர்கள் அநேகமாக எல்லோரும் வேட்பாளரைப் பெயரால் தேடுகிறார்கள். கேரளத்தில் இருந்துகொண்டு இதைச் செய்ய ஒரு தைரியம் வேண்டும். வாக்காளரைக் குழப்ப ஏறக்குறைய அதே பெயரில் ஒருவரை, அதாவது 'அபரன்' ஒருவரை, நிறுத்துவது இங்கே ஒரு கலை. 2004-இல் ஆலப்புழையில் வி.எம். சுதீரன் தோற்றது 1,009 ஓட்டில். வி.எஸ். சுதீரன் என்று ஒருவர் நின்று 8,282 ஓட்டு வாங்கியிருந்தார். 2016-இல் மஞ்சேஸ்வரத்தில் கே. சுரேந்திரன் தோற்றது 89 ஓட்டில். கே. சுந்தரா என்பவர் 467 வாங்கினார். பொன்முடி அடங்கிய ஆற்றிங்கல் தொகுதியிலேயே 2024-இல் அடூர் பிரகாஷ் 684 ஓட்டில் கரையேறினார். அங்கேயும் பிரகாஷ் என்ற பெயரில் இன்னும் இருவர் நின்றார்கள். 'பிரகாஷ்' என்று டைப் செய்தால் உங்கள் புரோகிராம் யாருக்குக் கூட்டும்? பட்டியலில் முதலில் கண்ட பிரகாஷுக்கு. வாக்கு இயந்திரத்தில் எந்தப் பட்டன் அமுக்கப்பட்டது என்பதுதான் கணக்கு. அதற்குப் பெயர் தெரியாது. பிள்ளைகளும் வரிசை எண்ணை வைத்துத்தான் எண்ண வேண்டும். இதை முதல் நாளே சொல்லிக் கொடுக்காத வாத்தியாரை நான் வாத்தியார் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

'ஆளுக்கு ஒரு ஓட்டு' என்று லூப் போடுவதும் இந்த ஊருக்கு உதவாது. நம் கிராமத்து வாக்காளர் உள்ளாட்சித் தேர்தலில் மூன்று ஓட்டுப் போடுகிறார். கிராம பஞ்சாயத்துக்கு வெள்ளை, பிளாக்குக்கு இளஞ்சிவப்பு, ஜில்லாவுக்கு இளநீலம். ஏதாவது ஒன்றை வேண்டாம் என்று விட்டால், கடைசியில் 'எண்ட்' பட்டனை அமுக்கிவிட்டு வரலாம். அங்கே நோட்டா கிடையாது. நாடாளுமன்றத்துக்கு நோட்டா உண்டு. ஆனால் அது முதலிடம் வந்தாலும் ஜெயிக்காது, அதற்கு அடுத்து நிற்கும் ஆள்தான் ஜெயிப்பார். நோட்டாவையும் இன்னொரு வேட்பாளராகப் பட்டியலில் சேர்த்த பிள்ளையின் புரோகிராம், நோட்டாவை எம்.பி. ஆக்கிவிடும்.

வேட்பாளர் எத்தனை பேர்? சிஎஸ்50-இன் அந்தக் கணக்கில் அதிகபட்சம் 9. நம் மொடக்குறிச்சியில் 1996-இல் நின்றவர்கள் 1,033 பேர். வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அடித்தார்கள். 2019-இல் நிஜாமாபாத்தில் 185 பேர். இதற்கெல்லாம் பத்து வரி எழுதியவரிடம் பதில் கேட்டால், "அது ஸ்பெஷல் கேஸ் சார்" என்பார். தேர்தல் என்பதே ஸ்பெஷல் கேஸ்களின் தொகுப்பு, அய்யா.

இனி வதந்தியின் இரண்டாம் பாதி: ஒரு வரி சேர்த்தால் ஆட்சி மாறும். இதற்கும் கேரளமே பாடம். நாட்டிலேயே முதன்முதலாக வாக்கு இயந்திரம் தேர்தலில் இறங்கியது 1982 மே மாதம், எர்ணாகுளம் மாவட்டத்துப் பரவூரில், 50 வாக்குச்சாவடிகளில். அங்கே வேட்பாளராக நின்ற சிவன் பிள்ளை, இயந்திரம் வேண்டாம் என்று முதலில் கோர்ட்டுக்குப் போனார். தடை கிடைக்கவில்லை, தேர்தல் நடந்தது, அவரே 123 ஓட்டில் ஜெயித்தார். தோற்ற ஏ.சி. ஜோஸ் உச்ச நீதிமன்றம் போனார். 1984-இல் அந்த 50 சாவடித் தேர்தலும் செல்லாது என்று தீர்ப்பு. மறுபடி சீட்டில் ஓட்டுப் போட்டபோது ஜோஸ் ஜெயித்தார். தீர்ப்பின் முக்கியக் காரணம் கூட்டல் பிழை அல்ல. இயந்திரத்தில் ஓட்டுப் போட அன்றைக்குச் சட்டத்தில் இடமே இல்லை. 61-ஏ என்ற பிரிவைச் சேர்த்து 1989-இல்தான் அந்த இடத்தை உண்டாக்கினார்கள். பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வாக்கு இயந்திரத்தை உருவாக்கும் வேலையில் இருந்த எழுத்தாளர் சுஜாதாவை நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவர் மாதிரி ஆட்கள் எத்தனை நன்றாகச் செய்து கொடுத்தாலும், விதி எழுதப்படாத இடத்தில் அது வெறும் கூட்டல் பெட்டி.

அந்தப் பெட்டியும் ஒன்றல்ல. சாவடிக்குச் சாவடி தனி இயந்திரம். ஒரு கம்ப்யூட்டரில் ஒருவன் உட்கார்ந்து கேரளம் முழுவதையும் எண்ணுவதில்லை. வாக்குப்பதிவு முடிந்ததும் 17-சி படிவத்தில் மொத்த ஓட்டை எழுதி, ஏஜெண்டுகளுக்கு நகல் கொடுக்க வேண்டும். எண்ணும் நாளில் இயந்திரம் வேறு மொத்தம் காட்டினால் அந்த நகல் பேசும். தொடங்கும் முன் ஏஜெண்டுகள் கண்முன்னே மாதிரி வாக்குப்பதிவு வேறு.

நான் யாருக்கும் நற்சான்று எழுதித் தரவில்லை. சந்தேகப்படுவது குடிமகனின் வேலை. ஆனால் சரியான இடத்தில் சந்தேகப்படுங்கள். ஓட்டுப் போட்டதும் சீட்டு அச்சிடும் விவிபாட்டில் சின்னம் ஏற்றும் கருவியை யார் கையாண்டார், எங்கே வைத்தார்கள் என்று கேளுங்கள். முடிவு வந்தபின் குறைந்தது 45 நாள் அதை முத்திரையிட்டு வைக்கச் சொல்லி 2024 ஏப்ரல் 26-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதே, ஏன்? ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிச் சீட்டுகளை மட்டும் எண்ணுவது போதுமா என்று கேளுங்கள். இவை எனக்கும் இருக்கும் கேள்விகள். "புளூடூத்ல மாத்துறாங்க" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

புரோகிராமில் ஒரு வரிகூடப் பிசகாமலும் கணக்குப் பிசகலாம், அது வேறு கதை. 2003 மே மாதம், பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் என்ற ஊரில் ஒரு பெண் வேட்பாளருக்கு அவர் பெற முடியாத அளவு ஓட்டு வந்தது. திரும்ப எண்ணினார்கள். கூடுதலாக இருந்தது சரியாக 4,096. கம்ப்யூட்டர் படித்தவர்கள் இந்த எண்ணைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவார்கள்: இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வருவது. நினைவகத்தில் ஒரே ஒரு பிட் தானாகப் புரண்டிருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். சதிகாரர் யாரும் அகப்படவில்லை. பிழை பிடிபட்டதற்குக் காரணம், 'இவ்வளவு வர வழியே இல்லையே' என்று சொல்ல ஒரு விதி கையில் இருந்ததுதான்.

இந்தப் பயிற்சியைச் சுற்றி உலவும் மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மரியாதை தேவையில்லை. கணக்கில் புலியாக இருந்தால்தான் கோடிங் வரும் என்பது பொய். இந்தப் பயிற்சிக்குக் கூட்டல் போதும், பொறுமைதான் வேண்டும். பைத்தான் குழந்தை விளையாட்டு, சி-தான் உண்மையான மொழி என்பது வறட்டு ஜம்பம். அனிதா-முருகன் சிக்கல் இரண்டிலும் ஒன்றேதான். நெட் வேண்டும் என்பதும் பொய். மலை மேலே டவர் கிடைக்காத நாளிலும் பழைய லேப்டாப்பில் வேலை நடக்கும். ஏஐ எழுதிக் கொடுத்துவிடும், பிள்ளை எதற்குப் படிக்க வேண்டும் என்கிறார்கள். எழுதிக் கொடுக்கும்தான். சமம் வந்தால் குலுக்கல் என்று நீங்கள் சொன்னால்தானே அது எழுதும்? எங்கும் அதிக ஓட்டு வாங்கியவர்தான் ஜெயிப்பார் என்பதும் பாதி உண்மை. 2024-இல் இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் யாருக்கும் பாதிக்கு மேல் வராததால் முதல் இருவரைத் தவிர மற்றவர்களை நீக்கி, அவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் இருந்த அடுத்த விருப்பங்களை எண்ணினார்கள். அந்த நாட்டில் அதுவே முதல் தடவை. நம் வி.வி. கிரி 1969-இல் ஜனாதிபதி ஆனதும் இரண்டாம் விருப்ப ஓட்டு சேர்ந்த பிறகுதான்.

என் வகுப்பில் இப்போது லேப்டாப்பைத் திறக்கவே விடுவதில்லை. முதலில் நோட்டில் விடை எழுத வேண்டும்: ஓட்டே விழாவிட்டால் என்ன, இருவர் சமமானால் என்ன, பட்டியலில் இல்லாத எண்ணை அமுக்கினால் என்ன, நோட்டா முந்தினால் என்ன. விடை எழுதியபின்தான் புரோகிராம். அம்மா அப்பாக்களுக்கு இது பிடிக்கவில்லை. பணம் கட்டியது கம்ப்யூட்டருக்கு, நோட்டுக்கு இல்லை என்கிறார்கள்.

பள்ளிகளுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். லேப்டாப்பில் தேர்தல் நடத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே ஒரு அட்டைப்பெட்டியும் வையுங்கள். பட்டனை அமுக்கிய பிள்ளை, அதே எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பெட்டியில் போடட்டும். மாலையில் தோற்ற அணிப் பிள்ளைகளே உட்கார்ந்து எண்ணட்டும். இரண்டு கணக்கும் ஒத்துவராவிட்டால் எது செல்லும் என்பதைத் தேர்தலுக்கு முந்தைய நாளே நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள். நாட்டின் தேர்தல் நடத்தை விதிகளில் விவிபாட் சீட்டின் கணக்குக்குத்தான் முதலிடம். பள்ளியிலும் அதையே வைத்துக்கொள்ளலாம். இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்கிற தலைமையாசிரியர்கள், ஸ்போர்ட்ஸ் டே ஒத்திகைக்கு எத்தனை பீரியட் எடுத்தோம் என்று ஒருமுறை டைம்டேபிளைப் புரட்டிப் பார்க்கலாம்.