கோதுமை மாவு கேக் கட்டியாவது ஏன்?

கேள்வி: மாலை டீயோடு பிள்ளைகளுக்குக் கொடுக்க, மைதாவை விட்டுவிட்டுக் கோதுமை மாவும் வெல்லமும் போட்டு கேக் செய்கிறேன். மைதாவுக்குச் சொன்ன அதே அளவுதான். ஆனால் கேக் உப்பாமல், வறண்டு, கட்டியாக வருகிறது. கோதுமை மாவில் குளூட்டன் இல்லாததுதான் காரணமா?
– வாசகி, திருச்சி

பதில்: நல்ல கேள்வி. பலர் இந்தக் கட்டத்தில்தான் மைதாவுக்கே திரும்பிவிடுகிறார்கள். காரணம் புரிந்தால் நீங்கள் திரும்ப வேண்டியதில்லை.

முதலில், மைதாவும் கோதுமைதான். கோதுமை மணியின் தவிட்டையும் முளையையும் நீக்கி, உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியை மட்டும் அரைத்தால் மைதா. மணியை முழுதாக அரைத்தால் கோதுமை மாவு. குளூட்டன் என்பது தண்ணீர் பட்டதும் வலைபோல் இழுபட்டு நிற்கும் புரதம். அது இரண்டிலுமே உண்டு. பிசைந்த சப்பாத்தி மாவை இழுத்துப் பாருங்கள், அறுந்துவிடாமல் நீளும். ஆகவே குளூட்டன் ஒவ்வாதவர்களுக்குக் கோதுமை மாவு கேக்கும் ஆகாது.

உங்கள் கேக்கைக் கட்டியாக்குவது தவிடு. அது தண்ணீரை நிறைய உறிஞ்சும், அதுவும் மெதுவாக. கலக்கும்போது பதமாகத் தெரிந்த மாவு, வேகும்போது இறுகிவிடுகிறது. தவிட்டுத் துணுக்குகள் குளூட்டன் வலையையும் அங்கங்கே அறுத்துவிடுவதால், கேக்கை உப்பவைக்கும் வாயு உள்ளே தங்குவதில்லை.

எனவே, ஒரு கப் மாவுக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி பால் கூடுதலாகச் சேருங்கள். மாவைப் பாலிலும் தயிரிலும் கரைத்து 20 நிமிடம் ஊறவிடுங்கள். தவிடு மெத்தென்று ஆகிவிடும். சமையல் சோடாவை அப்போதே போடாதீர்கள். தயிரின் புளிப்புப் பட்டதுமே அது பொங்கத் தொடங்கி, ஊறும் நேரத்திலேயே வாயு வீணாகிவிடும். அடுப்பில் வைக்கப்போகும்போது ஒரு ஸ்பூன் தண்ணீரில் சோடாவைக் கரைத்து ஊற்றி, மெதுவாகக் கலந்தால் போதும். அடித்துக் கலக்கினால் கேக் ரப்பர்போல் ஆகும். சலித்துத் தவிட்டை எறிந்துவிடவும் வேண்டாம். கோதுமையின் நார்ச்சத்து பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

வெல்லத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெல்லம்தானே என்று தாராளமாகப் போடுகிறோம். அதிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். இரும்பு போன்ற தாதுக்கள் சிறிதளவு கூடுதல், அவ்வளவே. அதன் மணத்துக்காகத் தாராளமாக வெல்லத்தைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளைகளின் நலனுக்காக அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.