சிவனொளிபாத மலை

மலையடிவாரத்தில் பிறந்தவருள் பலர் மலையேறி அறியார். நாள்தோறும் கண்ணெதிரே நிற்பதனை நாடிச் செல்லவேண்டும் என்னும் எண்ணம் எளிதில் எழுவதில்லை. என் ஊர் சங்கரன்கோவிலை அடுத்த ராயகிரி. ஊர்ப்பெயரிலேயே மலையைக் குறிக்கும் ‘கிரி’ என்னும் சொல் அமைந்துள்ளது. மேற்கே நோக்கினால் மேற்குத் தொடர்ச்சி மலை நீலச் சுவர்போல் ஓங்கி நிற்கும். ஆயினும், அதனைக் கீழிருந்து கண்டதன்றி நான் ஒருநாளும் ஏறியதில்லை. மலையேறும் இன்பத்தை நான் முதன்முதல் அறிந்தது, கடல்கடந்த இலங்கையிலேதான்.

2018ஆம் ஆண்டில் அலுவல் காரணமாகக் கொழும்பு நகரில் வாழ்ந்து வந்தேன். உடன் பணியாற்றிய நண்பர் மூவருள் ஒருவர் சிங்களவர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவர் மலையகத் தமிழர். பிப்ரவரித் திங்களில் ஒரு சனி, ஞாயிறு விடுமுறையில் சிவனொளிபாத மலைக்குச் செல்வதென நால்வரும் முடிவு செய்தோம்.

அம்மலையின் உயரம் 2,243 மீட்டர். அதாவது 7,359 அடி. இலங்கையில் இதனினும் உயர்ந்த மலைகள் உண்டு. ஆனால், இதனைப்போல் பல சமயத்தாரும் போற்றும் மலை வேறில்லை. உச்சிப் பாறையில் காணப்படும் அடிச்சுவடு போன்ற பள்ளத்தைப் பௌத்தர் புத்தர்பிரானின் திருவடி என்பர். இந்துக்கள் சிவபெருமானின் திருவடி என்பர். முஸ்லிம்கள் ஆதிமனிதராகிய ஆதமின் அடிச்சுவடு என்பர். கிறித்தவருள்ளும் இதனைப் போற்றுவோர் உளர். மொராக்கோ நாட்டிலிருந்து வந்த இபுன் பதூதா என்னும் பயணி 1344ஆம் ஆண்டில் இம்மலைமீது ஏறினார். பாறைகளில் பிணைக்கப்பட்டிருந்த இரும்புச் சங்கிலிகளைப் பற்றிக்கொண்டு மக்கள் ஏறியதை அவர் எழுதி வைத்துள்ளார்.

சனிக்கிழமை காலை கொழும்பில் புகைவண்டி ஏறி, பிற்பகலில் அட்டன் நகரை அடைந்தோம். அங்கிருந்து மஸ்கெலியாவை நோக்கிச் செல்லும் பாதையின் இருமருங்கும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போலத் தேயிலைத் தோட்டங்கள் காட்சி அளித்தன. முதுகில் கூடை சுமந்த பெண்கள் செங்குத்தான சரிவுகளில் நின்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். “நாம் ஓர் இரவு ஏறப்போகும் மலையை இவர்கள் வாழ்நாள் முழுவதும் ஏறி இறங்குகின்றனர்” என்றார் மலையக நண்பர்.

அன்று மாலை அவர் இல்லத்தில் தங்கினோம். அது தோட்டத்து லயன் வீடுகளுள் ஒன்று. எழுபது வயது கடந்த அவருடைய அன்னையார் எங்களுக்கு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் பரிமாறினார். என்னை நோக்கி, “தம்பிக்கு எந்த ஊர்?” என்று கேட்டார். நான் கூறியதும் அவர் முகம் மலர்ந்தது.

“என் பாட்டனாரும் திருநெல்வேலிச் சீமைதான் தம்பி. ஊர்ப்பெயரை மட்டும் கேட்டுவைக்காமல் இருந்துவிட்டோம். உங்கள் ஊரில் மலை உண்டா?”

“உண்டு அம்மா. ஆனால் நான் ஏறியதில்லை” என்றேன். அவர் நகைத்தார்.

பின்னர் அவர் கூறிய வரலாறு என் நெஞ்சை விட்டு அகலவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து ஏழை மக்கள் கங்காணிகளால் அழைத்துவரப்பட்டனர். கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டுவழியே பல நாள் நடந்து மலைநாட்டை அடைந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். காட்டை அழித்துத் தோட்டமாக்கிய அம்மக்களுள் மிகப் பெரும்பாலோர், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் எந்நாட்டுக் குடிமக்களும் அல்லர் என்னும் நிலையை எய்தினர். 1964ஆம் ஆண்டில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவிற்கு உரியவர் என்றும், 3,00,000 பேர் இலங்கைக்கு உரியவர் என்றும் பகுக்கப்பட்டனர்.

அன்னையாரின் தமக்கை குடும்பத்துடன் கப்பலேறிச் சென்றார். சென்றடைந்ததோ நீலகிரியில் மீண்டும் ஒரு தேயிலைத் தோட்டத்தை. தங்கை இங்கேயே தங்கினார். எஞ்சியோருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது. “அக்கா போனபின் நான் அவளைப் பார்க்கவே இல்லை” என்று சொல்லி, அன்னையார் அடுப்பைத் தூண்டச் சென்றார்.

நள்ளிரவு கடந்து ஒன்றரை மணிக்கு நல்லதண்ணி என்னும் அடிவாரத்திலிருந்து ஏறத் தொடங்கினோம். மார்கழி முழுமதி முதல் வைகாசி முழுமதி வரை யாத்திரைக் காலமாதலின், உச்சிவரை ஒளிவிளக்குகள் ஏணிபோல் தோன்றின. சீதை கங்கை என்னும் ஓடையில் அடியார்கள் கைகால் கழுவிச் சென்றனர். படிகள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவை. விரைந்து ஏறிய நான் விரைவிலேயே மூச்சு வாங்கி அமர்ந்தேன். வெறுங்காலுடன் வந்த முதியவர் பலர் நிதானமாக என்னைக் கடந்து சென்றனர். “மலை ஓடிவிடாது, மெல்ல வாருங்கள்” என்று சிங்கள நண்பர் என் பையை வாங்கித் தம் தோளில் மாட்டிக்கொண்டார். முஸ்லிம் நண்பர் வழிக்கடையில் சூடான தேநீர் வாங்கி அளித்தார். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும் என்று பள்ளியில் பயின்றதை அன்று என் உடல் உணர்ந்தது.

உச்சியை அடைந்தபோது கீழ்வானம் சிவந்தது. மேளமும் குழலும் முழங்கக் கதிரவன் எழுந்தான். மேற்கே திரும்பியபோது, மலையின் நிழல் கூரிய முக்கோணமாக நெடுந்தொலைவு படிந்திருந்தது. நெடுந்தொலைவு நீளும் இருப்புப்பாதையின் இரு தண்டவாளங்களும் ஒன்று கூடுவனபோல் தோன்றுதல் போன்றதே இதுவும் என்று மலையக நண்பர் விளக்கினார். எத்தனை முறை ஏறினரோ, அத்தனை முறை மணியடிப்பது அங்கு வழக்கம். நான் ஒரு முறை அடித்தேன். அவர் பதினோரு முறை அடித்தார்.

கீழே மவுசாகலை நீர்த்தேக்கம் வெள்ளித்தகடுபோல் மின்னியது. பழைய மஸ்கெலியா நகரம் அந்நீரினடியில்தான் இருக்கிறது. “உங்கள் சொந்த ஊர் எது?” என்று நண்பரைக் கேட்டேன். அவர் மறுமொழி கூறவில்லை. தேயிலைச் சரிவுகளின் பக்கம் கையை நீட்டினார். நான்கு தலைமுறை உழைத்த நிலத்தைக் காட்டிய அந்தக் கைக்கு வேறு சான்று எதற்கு?

அடுத்த விடுமுறையில் ராயகிரிக்குத் திரும்பினேன். மேற்கே நின்ற மலையை அன்று புதிதாகக் கண்டேன். நம் மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் உயிரினச் செல்வம் மிக்க ஒரே பகுதியாக அறிஞர் கருதுவர். செடிகொடிகளில் காணும் அவ்வுறவை மக்களிடமும் நான் கண்டேன். பாட்டனாரின் ஊர்ப்பெயரைத் தொலைத்த அன்னையார் ஒருவர் அங்கே இருக்கிறார். அவர் தொலைத்த பெயர் எங்கள் ஊராகவும் இருக்கலாம் அன்றோ?