முதுகுப்பையை இறக்கினால்தான் மொழி ஏறும்

ஸ்பானிய மொழியைக் கற்றுக்கொண்டே ஊர் சுற்றலாம் என்று முதுகுப்பையோடு கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மெக்சிகோவில் தொடங்கி பனாமா வரை மூன்று மாதத்தில் ஏழு நாடுகள் என்று திட்டம் போடுகிறார்கள். அலைய அலைய மொழி தானாக ஒட்டிக்கொள்ளும் என்பது அவர்கள் நம்பிக்கை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இரண்டு நாளுக்கு ஓர் ஊர் என்று ஓடுகிறவர் தினமும் பேசுவது அதே முப்பது நாற்பது வாக்கியங்கள்தான்: அறை காலியா, எவ்வளவு, பஸ் எத்தனை மணிக்கு, கழிப்பறை எங்கே. எல்லாம் நிகழ்காலம். இறந்தகாலம் வாயில் வர வேண்டுமென்றால், "நேற்று எங்கே போனீர்கள்?" என்று ஒருவர் கேட்க வேண்டும். அதைக் கேட்க, நேற்றும் உங்களைப் பார்த்த ஒருவர் இருக்க வேண்டும். ஸ்பானியத்தில் முடிந்துபோன செயலுக்கு ஓர் இறந்தகாலம், அப்போதெல்லாம் வழக்கமாக நடந்ததற்கு இன்னொன்று. இந்த வேறுபாட்டைப் புத்தகம் சொல்லித்தரும். பழக்கத்துக்குக் கொண்டுவருவது ஒரே சாப்பாட்டு மேசையில் மூன்றாவது வாரமும் உட்கார்வதுதான்.

அப்படி உட்கார வசதியான நாடு குவாத்தமாலா. அங்கே ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது சாதாரண ஏற்பாடு. காலையில் நான்கைந்து மணி நேரம் வகுப்பு, வாரக் கணக்கில் கட்டணம், உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கல், பெரும்பாலும் ஞாயிறு தவிர மூன்று வேளைச் சாப்பாடு. அந்திகுவா 1773 நிலநடுக்கத்துக்குப் பிறகு தலைநகர்ப் பதவியை இழந்த ஊர். இடிந்த மாதா கோயில்களுக்கு நடுவே இன்று தெருவுக்குத் தெரு ஸ்பானியப் பள்ளிகள். அழகான ஊர்தான், ஆனால் காபிக் கடையில் நீங்கள் ஸ்பானியத்தில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். அதனால் நான் கைகாட்டுவது கெட்சால்தெனாங்கோவை. வரைபடத்தில்தான் அந்தப் பெயர், ஊர்க்காரர்கள் வாயில் 'ஷேலா'. சுமார் 2,300 மீட்டர் உயரம், ஊட்டியைவிடச் சற்று அதிகம், ஸ்வெட்டர் கட்டாயம். அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஓய்ந்த பஸ்கள் இங்கே பளபளக்கும் வண்ணத்தில் மறுபிறவி எடுத்து ஓடும். வாசலில் தொங்கியபடி உதவியாளர் 'ஷேலா ஷேலா ஷேலா' என்று கூவுவதே கேட்கும் பயிற்சிக்கு நல்ல முதல் பாடம்.

பாடப் புத்தகங்களிலும் செயலிகளிலும் பெரும்பாலானவை ஆங்கிலம் வழியாகக் கற்பிக்கின்றன. தமிழருக்கு அது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது. 'மே குஸ்தா எல் கஃபே' என்ற வாக்கியத்தில் ஆங்கிலம் வழி வருகிறவர் முட்டிக்கொள்கிறார், விரும்புகிற ஆள் எழுவாயாக இல்லையே என்று. நமக்கு அது 'எனக்குக் காபி பிடிக்கும்'. 'மே துவேலே லா கபேசா' அப்படியே 'எனக்குத் தலை வலிக்கிறது'. வினைமுற்றின் விகுதியே யார் என்று சொல்லிவிடுவதால் 'நான்', 'நீ' என்பதை விட்டுவிடும் பழக்கமும் இரண்டு மொழிக்கும் உண்டு. 'நாதா' என்றால் 'ஒன்றுமில்லை'. அதில் வரும் 'தா', நாம் 'அது' என்னும்போது வரும் அதே மெல்லிய தகரம். நீ, நீங்கள் வேறுபாட்டை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. குவாத்தமாலாவில் பெரியவர்களுக்கும் புதியவர்களுக்கும் 'உஸ்தெத்' என்று தொடங்குங்கள், நெருக்கமானவர்களிடையே புழங்கும் 'வோஸ்' தானாக வரும்வரை காத்திருங்கள். இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூசும் கடைக்காரர் 'ஃபீஹெசே கே…' என்று இழுப்பார். 'அது வந்துங்க…' என்று நம்மூரில் இழுத்தால் என்ன அர்த்தமோ அதேதான். சரக்கு இல்லை.

ஒரே ஊரில் கிடந்தால் நாட்டை எப்போது பார்ப்பது என்பது நியாயமான கேள்வி. மூன்று மாதம் இருந்தால் முதல் ஐந்து ஆறு வாரத்தை ஓர் ஊருக்குக் கொடுங்கள், மிச்சத்தில் சுற்றுங்கள் என்பதுதான் என் வாதம். வரிசையைத் தலைகீழாக்கினால் இரண்டும் அரைகுறை. இரண்டே வாரம்தான் விடுப்பு என்கிறவர், மொழி ஆசையைத் தள்ளிவைத்துவிட்டு நிம்மதியாகச் சுற்றுவது நல்லது. செயலி போதாதா என்றால், சொல் சேர்க்கப் போதும். கிளம்புவதற்கு முன் எண்களையும் அன்றாட வினைச்சொற்களையும் அதில் முடித்துக்கொள்வது காசு மிச்சம். சுத்த ஸ்பானியம் ஸ்பெயினில்தானே என்பவர்களுக்கு, செந்தமிழ் எந்த ஊரில் பேசப்படுகிறது என்று திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது.

இதையெல்லாம்விடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஸ்பானியம் அந்த மண்ணின் மொழியே இல்லையே? உண்மை. குவாத்தமாலா அரசு அங்கீகரித்த மாயா மொழிகள் இருபதுக்கும் மேல். சந்தையில் உங்களோடு பேரம் பேசும் பாட்டிக்கும் ஸ்பானியம் இரண்டாம் மொழியாக இருக்கலாம். கற்றுக்குட்டிக்கு அது ஒரு விதத்தில் ஆறுதல், இருவரும் மெதுவாகத்தான் பேசுவீர்கள். ஆனால் மொழி கொஞ்சம் வசப்பட்டதும் எதையும் கேட்டுவிடலாம் என்ற துணிச்சல் வரும், அங்கேதான் கவனம் வேண்டும். 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாகவோ காணாமல் போனதாகவோ உண்மை ஆணையம் மதிப்பிட்டது. அடையாளம் தெரிந்த பலியானவர்களில் மிகப் பெரும்பாலோர் மாயா மக்கள். நீங்கள் தங்கும் வீட்டுச் சுவரில் மாலை போட்ட ஓர் இளைஞரின் படம் இருந்தால் அது இறந்தகால வினைச்சொல் பயிற்சிக்கான பொருள் அல்ல. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

சாப்பாட்டு மேசையில் கேட்கவும் பேசவும் வேறு நிறைய இருக்கிறது. துணி போர்த்திய கூடையில் சூடு ஆறாத சோளத் தோர்த்தியா, கறுப்பு பீன்ஸ், முட்டை, பொரித்த வாழைப்பழம். சைவக்காரர்கள் 'கார்னே' (இறைச்சி) வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழி வரக்கூடும். அந்தச் சொல்லைப் பலர் மாட்டிறைச்சிக்கே வைத்திருக்கிறார்கள், ஆகவே 'போயோ' (கோழி), 'பெஸ்காதோ' (மீன்) இரண்டையும் பெயர் சொல்லி விலக்குங்கள். எழும்போது மேசையில் இருக்கும் எல்லாரையும் பார்த்து 'முச்சாஸ் கிராசியாஸ்' சொல்ல வேண்டும், சமைத்தவருக்கு மட்டுமல்ல. மற்றவர்கள் 'புவேன் புரொவேச்சோ' என்பார்கள். ஷேலாவைச் சுற்றியுள்ள சந்தைகளில் அந்த நன்றியையே மாயா மொழிகளில் ஒன்றான கீச்சேயில் 'மல்தியோஷ்' என்று சொல்லிப் பாருங்கள். விலை குறையாது. காய் எடுத்துப்போட்டுக்கொண்டிருக்கும் பாட்டி மட்டும் தலை நிமிர்ந்து பார்ப்பார்.