ஜேபிக்கு மோட்டாரில் வேலைக்குப் போகும் தங்கச்சிக்கு

நம் ஊர் லாயாங் லாயாங்கில் மோட்டார் ஓட்டத் தெரிந்தால் ஜோகூர் பாரு என்கிற ஜேபியிலும் ஓட்டிவிடலாம் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பதினாறு வயதில் பி2 லைசென்ஸ் எடுத்து, தோட்டத்துப் பாதையில் அப்பாவின் சின்ன மோட்டாரான கப்சாயை ஓட்டிப் பழகி, ரயில்வே ஸ்டேஷன் பக்கம் கடைக்குப் போய்வந்த தைரியம் அது. அந்தத் தைரியம் வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நம் ஊரில் நீ ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறாய். குழி எங்கே, மாடு எங்கே நிற்கிறது, லோரியிலிருந்து செம்பனைப் பழம் எங்கே உதிர்ந்து கிடக்கிறது என்றுதான் கண் போகும். ஜேபியில் ஆளைப் பார்த்து ஓட்ட வேண்டும். முன்னால் இருக்கும் காரின் டிரைவர் கண்ணாடியைப் பார்த்தானா, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, முன் டயர் எந்தப் பக்கம் மடங்குகிறது என்பதுதான் உனக்கு வேண்டிய செய்தி. சிக்னல் விளக்கை நம்பாதே. போடுகிறவர்கள் திரும்பமாட்டார்கள், திரும்புகிறவர்கள் போடமாட்டார்கள்.

முதலில் மோட்டாரைப் பார்ப்போம். டயரில் காற்று, சங்கிலியின் தளர்வு, இரண்டு பிரேக், பின்விளக்கு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இதைப் பார்த்துவிடு. திங்கட்கிழமை விடியற்காலை இருட்டில் ஒன்றும் தெரியாது. கம்பெனியில் வந்த பக்கக் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு உள்ளங்கை அகலத்தில் ஒன்றை மாட்டும் ஸ்டைல் தம்பிமார்களோடு போகட்டும். உனக்குப் பெரிய கண்ணாடிதான் வேண்டும், அதில் உன் தோள்பட்டை கொஞ்சமாகவும் பின்னால் வரும் ரோடு நிறையவும் தெரிய வேண்டும். பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்ற சட்டம் 1992-இல் வந்தது. அதை ஆராய்ந்த பேராசிரியர் ராடின் உமார், விளக்கு எரிவதால் மோட்டார் கண்ணில் படாததால் நடக்கும் விபத்துகள் சுமார் 29 விழுக்காடு குறைந்தன என்று கண்டார். இப்போது வரும் மோட்டார்களில் விளக்கு தானாகவே எரிகிறது. அப்பாவின் பழைய மோட்டார் என்றால் நீதான் போட வேண்டும்.

ஹெல்மெட்டில் சிரிம் தரச் சான்று ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. அதைவிட முக்கியம், தாடைக்குக் கீழே ஒரு விரல் மட்டும் நுழைகிற அளவுக்கு வாரை இறுக்கிப் போடுவது. வாரைப் பூட்டாமல் தலையில் கவிழ்த்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருப்பாய். அது தொப்பிதான், விழும்போது தலைக்கு முன்னால் அதுதான் பறக்கும். சட்டைக்கு மேல் ஜாக்கெட்டைத் திருப்பிப் போடும் நம் நாட்டுப் பழக்கம் காற்றுக்கு நல்லதுதான், எனக்கும் பிடிக்கும். கைப்பக்கம் தொளதொளவென்று இல்லாமல் பார்த்துக்கொள். பஞ்சாபி சூட்டுக்குச் சால் போடுகிறாய் என்றால் அதை மடித்துப் பையில் வைத்துவிட்டு ஆபீஸ் போய்ப் போட்டுக்கொள். கழுத்தில் சுற்றிய சால் பின்சக்கரத்திலோ சங்கிலியிலோ மாட்டினால் இழுப்பது உன் கழுத்தைத்தான். பின்னால் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. கோயிலுக்குப் புடவையில் போகும் அம்மாவை ஒருபக்கமாக உட்கார வைத்து ஜேபி ரோட்டில் ஏற்றாதே. கைப்பையை முன்னால் கொக்கியில் தொங்கவிடாதே, பறிப்பவனுக்கு அது எடுத்துக் கொடுப்பது மாதிரி. முதுகுப் பையாக, ஜாக்கெட்டுக்கு உள்ளே வார் இருக்கும்படி மாட்டு. செருப்பு வேண்டாம், மூடிய சப்பாத்து போடு.

நம் ஊரிலிருந்து ஜேபி சுமார் அறுபது கிலோமீட்டர். பெரிய ரோட்டைப் பிடிக்கும் வரைக்கும் தோட்டத்து ரோடுதான். விடியற்காலையில் பனிமூட்டம், பழக்குலை ஏற்றிய லோரி, விளக்கில்லாத டிராக்டர் எல்லாம் உண்டு. அதன் பிறகு பழைய ஒன்றாம் எண் கூட்டரசு சாலையா, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையா என்று முடிவு செய்ய வேண்டும். நெடுஞ்சாலையில் மோட்டாருக்கு டோல் கிடையாது, சந்தியும் கிடையாது. ஆனால் மணிக்கு 110 கிலோமீட்டர் வரை அனுமதி உள்ள ரோட்டில் உன் கப்சாய் 80-இல் போகும்போது பின்னால் வரும் பஸ்ஸுக்கு நீ நின்றுகொண்டிருப்பதாகத்தான் தோன்றும். பழைய ரோட்டில் வேகம் குறைவு, எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம். அங்கே ஆள்விழுங்கி, யூ-டர்ன் போடும் கார்களும் கம்பத்துச் சந்துகளிலிருந்து திடீரென்று வெளியே வரும் வண்டிகளும்தான். முதல் சில வாரம் பழைய ரோட்டில் போய்ப் பழகு என்பது என் எண்ணம். எந்த ரோடானாலும் அவசரத் தடத்தை உன் தனிப் பாதையாக்கிக்கொள்ளாதே. டயர் வெடித்த லோரி நிற்பது அங்கேதான், ஆணியும் கண்ணாடிச் சில்லும் ஒதுங்கிக் கிடப்பதும் அங்கேதான்.

செனாய் தாண்டி ஸ்கூடாய் நெருங்கும்போது ஜாம் தொடங்கும். காரெல்லாம் நிற்கும், மோட்டார்கள் இரண்டு வரிசைக்கு நடுவில் நுழைந்து போகும். நீயும் நுழைவாய், வேண்டாம் என்று சொன்னால் கேட்கவா போகிறாய்? அதனால் எப்படி நுழைவது என்று சொல்கிறேன்.

இரண்டு வரிசையும் நிற்கும்போது மட்டும் நடுவில் போ. ஒரு வரிசை நின்று, பக்கத்து வரிசை ஓடிக்கொண்டிருந்தால் நுழையாதே. நின்று சலித்தவன் ஓடும் வரிசைக்குத் தாவுவான், நீ வருவதை அவன் பார்க்கமாட்டான். வண்டிகள் நகரத் தொடங்கியதும் ஏதாவது ஒரு காருக்குப் பின்னால் இடம் பிடித்து நின்றுவிடு. நிற்கும் கார்களைவிட ஒரு சைக்கிள் போகும் வேகம் கூடுதலாக இருந்தால் போதும். இரண்டாம் கியர், இரண்டு விரல் முன்பிரேக்கின் மேல், வலது கால் பின்பிரேக்கின் மேல். கப்சாயில் பெரும்பாலும் ஏபிஎஸ் கிடையாது, அதனால் திடீரென்று அமுக்காமல் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் படிப்படியாக இறுக்கப் பழகு. ஞாயிற்றுக்கிழமை பள்ளித் திடல் பக்கம் ஆளில்லாத இடத்தில் பழகிப் பார்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நெருக்கமாக நிற்கும் வரிசையில் சந்தியோ கடைவாசலோ வருகிற இடத்தில் இரண்டு காருக்கு நடுவில் ஒரு இடைவெளி தெரியும். உனக்காக விட்ட இடம் என்று நினைத்து வேகம் பிடிக்காதே. யாரோ ஒரு நல்லவர் எதிர்ப்பக்கத்துக் காரைத் திரும்பச் சொல்லிக் கைகாட்டியிருக்கிறார். அந்தக் கார் அதே இடைவெளிக்குள்ளிருந்து மூக்கை நீட்டும், அதன் டிரைவருக்கு உன்னைத் தெரியாது, உனக்கு அவரைத் தெரியாது. வரிசையில் ஓட்டை தெரிந்தாலே பிரேக்கில் கை வைத்து ஊர்ந்து போ.

லோரி, டிரெய்லர், பஸ் இவற்றின் இடப்பக்கம் ஒருபோதும் நிற்காதே. டிரைவரின் முகம் அவர் பக்கக் கண்ணாடியில் உனக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீ தெரியவில்லை. டிரெய்லர் இடப்பக்கம் திரும்பும்போது தலை வெளியே போகும், உடம்பு உள்ளே வெட்டும். அந்த உள்பக்கத்தில் சிக்கியவர்கள் தப்புவது அரிது. பாசிர் கூடாங் துறைமுகத்துக்குப் போகும் வண்டிகள் இந்தப் பக்கம் நிறைய.

பின்னால் ஒரு தம்பி ஹாரன் அடித்துக்கொண்டு, ஆக்சிலேட்டரை முறுக்கி முறுக்கி விரட்டுவான். கோபமும் வேண்டாம், பயமும் வேண்டாம். கிடைத்த இடத்தில் ஒதுங்கி அவனைப் போகவிடு. அவன் வேகத்துக்கு நீ ஓடினால் உன் கண் அவன் ஹாரனில் இருக்கும், ரோட்டில் இருக்காது.

சிவப்பு விளக்கில் எல்லா மோட்டாரும் வரிசைக்கு முன்னால் போய்க் கூடும். நீயும் போ, பின்னால் வரும் காருக்கும் முன்னால் நிற்கும் காருக்கும் நடுவில் நசுங்காமல் இருக்க அதுதான் நல்ல இடம். பச்சை விழுந்ததும் பாய்ந்துவிடாதே. வலப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்பு, மஞ்சளில் தப்பித்துவிடலாம் என்று வருகிறவன் எப்போதும் ஒருவன் இருப்பான். நகருக்குள் ஜாலான் வோங் ஆ ஃபூக், ஜாலான் உங்கு புவான் பக்கமெல்லாம் கார்க் கதவுதான் எதிரி. ஓரமாக நிற்கும் காரின் பின்விளக்கு எரிந்தாலோ உள்ளே தலை அசைந்தாலோ ஒரு கதவின் அகலத்துக்கு விலகிப் போ.

வழிகாட்டிச் செயலியை வீட்டிலேயே போட்டுக் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு போ. வழி தவறினால் தவறட்டும், அடுத்த யூ-டர்ன் எங்கேயாவது இருக்கும்.

மழைக்கு வருவோம். ஜோகூரில் வடகிழக்குப் பருவமழை நவம்பரிலிருந்து மார்ச் வரை, மற்ற மாதங்களில் மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டும். முதல் பத்து நிமிட மழைதான் மோசம், ரோட்டில் படிந்த எண்ணெய் எல்லாம் மேலே வந்து மிதக்கும். வெள்ளைக் கோடு, மஞ்சள் கோடு, இரும்பு மூடி, டோலுக்கு முன்னால் போட்டிருக்கும் தடிப்புக் கோடுகள் இவற்றின் மேல் பிரேக் போடாதே, வண்டியைச் சாய்க்காதே. முன்னால் போகிறவருக்கும் உனக்கும் காய்ந்த ரோட்டில் இரண்டு விநாடி இடைவெளி என்றால் ஈரத்தில் நான்கு விடு. சட்டையும் கால்சட்டையுமாக வரும் மழைக்கோட்டு வாங்கு, போர்வை மாதிரிக் கவிழ்க்கும் ரகம் சக்கரத்தில் சுற்றும். மழை பிடித்ததும் மேம்பாலத்துக்கு அடியில் ஓடும் ரோட்டிலேயே மோட்டார்கள் குவிவதைப் பார்த்திருப்பாய். கண்ணாடியில் தண்ணீர் வழிய வரும் கார்க்காரருக்கு அந்தக் கூட்டம் கடைசி நிமிடம் வரை தெரியாது. நெடுஞ்சாலையில் மோட்டாருக்கென்று கட்டிய கூரை இடங்கள் இருக்கின்றன, இல்லாவிட்டால் எண்ணெய் நிலையம் வரை மெதுவாகப் போ. பாலத்தடியில்தான் நிற்க வேண்டும் என்றால் ரோட்டை விட்டு, தடுப்புக் கம்பிக்கு அப்பால், விளக்கை அணைக்காமல் நில்.

கோலாலம்பூருக்கு மாற்றல் ஆகிற பிள்ளைகளுக்கு வேறு உலகம். அங்கே ஃபெடரல் ஹைவேயில் 1970-களின் தொடக்கத்தில் உலக வங்கி உதவியோடு மோட்டாருக்கென்றே தனிப் பாதை போட்டார்கள். கார் தொல்லை இல்லை. ஆனால் பாதை குறுகல், சுரங்க வளைவுகளில் எதிர்பாராத வேகத்தில் வருகிறவர்கள் உண்டு. வளைவில் முந்தாதே, இரவில் தனியாக அங்கே நிறுத்தாதே.

உன்னோடு சேர்ந்த சிலர் சிங்கப்பூருக்கே போகிறார்கள். காலையில் ஜேபியையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்தைப் பார்த்தால்தான் புரியும். 1924 ஜூன் 28-இல் அதிகாரபூர்வமாகத் திறந்தார்கள், நீளம் 1,056 மீட்டர். அந்த ஒரு கிலோமீட்டரில் ஹேண்டிலோடு ஹேண்டில் உரசி, முன்னவர் புகையை மூக்கில் வாங்கிக்கொண்டு ஊர வேண்டும். இஞ்சினை அணைத்து நகர்த்துவது எண்ணெய்க்கும் நுரையீரலுக்கும் நல்லது. ஹேண்டில் மாட்டிக்கொண்டால் இழுக்காதே, இரண்டு பேரும் நின்று எடுங்கள். பாஸ்போர்ட்டைத் தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிடு. சிங்கப்பூர்ப் பக்கம் 2024-இலிருந்து பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகக் காட்டும் கியூஆர் குறியீடு வந்திருக்கிறது, அதை முதல்நாள் இரவே எடுத்து வைத்துவிடு. கவுண்டருக்கு முன்னால் போனைத் தேடிக்கொண்டு நின்றால் பின்னால் இருநூறு பேர் உன்னைப் பேசுவார்கள். புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு ஆர்டிஎஸ் ரயில் ஓடத் தொடங்கினால் மோட்டாரை ஜேபியில் விட்டுவிட்டுப் போகலாம், மணிக்கு ஒரு பக்கம் 10,000 பேர் ஏறலாம் என்ற கணக்கில் கட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் அதில் போ என்பேன்.

இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவளுக்குத் தூக்கம்தான் பெரிய லோரி. கண் கனத்தால் கூலாயில் நிறுத்து, தே தாரிக் குடி, இருபது நிமிடம் தலைசாய். காற்று முகத்தில் அடித்தால் தூக்கம் போய்விடும் என்று நம்பி வைசரைத் திறந்துகொண்டு ஓட்டாதே, போகாது.

கடைசியாகப் பெர்கேசோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு. நம் பெண்கள் பலருக்கு இது தெரிவதே இல்லை. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையில் போகும்போதோ வரும்போதோ விபத்து நடந்தால் அது வேலையில் நடந்த விபத்தாகவே கணக்கு. 1969-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மருத்துவச் செலவும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குப் பணமும் கேட்கலாம். ஆனால் வழக்கமான வழியில் இருந்திருக்க வேண்டும், நடுவில் வேறு வேலைக்காகச் சுற்றிப் போயிருந்தால் சிக்கல் வரும். அடி சின்னதாக இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் கொடு. எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் சீட்டையும் ரசீதையும் பத்திரப்படுத்து, மேனேஜரிடம் அன்றே சொல். எதிர்வண்டியின் எண்ணையும் வண்டிகள் ரோட்டில் கிடந்த நிலையையும் படம் எடு, ஆனால் முதலில் நடுரோட்டை விட்டு ஓரத்துக்கு வா. உயிருக்கு ஆபத்து என்றால் 999. சிங்கப்பூர் முதலாளி உனக்காகப் பெர்கேசோ கட்டமாட்டார், அங்கே போகிறவர்கள் தனியாக விபத்துக் காப்புறுதி எடுக்க வேண்டும். சாலை வரியும் லைசென்ஸும் எந்த மாதம் முடிகிறது என்று காலண்டரில் இப்போதே எழுதி மாட்டிவிடு. காலாவதியான லைசென்ஸோடு இடித்துவிட்டால் காப்புறுதிக் கம்பெனி முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.