பழைய பெட்டியைச் சுரண்டாதீர்கள்!



உங்கள் லயத்தில் கட்டிலுக்கு அடியிலோ பரணிலோ ஒடுக்கமான, நாலு அடி நீளமான, பித்தளைப் பூட்டுப் போட்ட மரப்பெட்டி ஏதாவது கிடக்கிறதா? அது அந்தக் காலத்துத் துரைமார் தூண்டில் தடி வைத்த பெட்டியாக இருக்கலாம். அதைப் பழுதுபார்க்கும் முறைதான் இந்த மாதப் பாடம்.

பெட்டி வந்த கதை

ட்ரவுட் மீன் நம் நாட்டு மீன் அல்ல. குளிர்ந்த தண்ணீரில் வாழும் அந்த மீனை 1880களில் வெள்ளைக்காரர் கொண்டுவந்து நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் விட்டார்கள். 1896இல் அதற்கென்று ஒரு மீன்பிடிக் கழகமும் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் 1872இல் ஆரம்பித்த ஹார்டி போன்ற கம்பனிகள் மூங்கிலை ஆறு கீற்றாகச் சீவி, ஒட்டி, தூண்டில் தடி செய்தன. ஒன்பது அடித் தடியை மூன்று துண்டாகக் கழற்றலாம். அதனால்தான் பெட்டி நாலு அடியோடு நின்றது.

1975இல் வெளிநாட்டுக் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. அந்தக் காலத்தில் ஊர் திரும்பிய ஒரு துரை தன் பங்களா வேலைக்காரருக்குக் கொடுத்துவிட்டுப் போன பெட்டியைத்தான் நான் சல்லியில் பார்த்தேன்.

சல்லியில் கண்டது

சல்லி, திருகோணமலை நகருக்கு வடக்கே உள்ள மீனவக் கிராமம். கடற்கரையில் முத்துமாரியம்மன் கோயில் இருக்கிறது. கோயிலுக்குப் போனபோது, நம் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்று, மகள் வீட்டில் தங்கியிருக்கும் பெரியவரைப் பார்க்கப் போனேன். பெட்டி அவருடைய அப்பாவுக்குக் கிடைத்தது. உப்புக் காற்றில் பித்தளை பச்சை பூத்து, திருகாணிகள் துருப்பிடித்திருந்தன.

பேரன் சான்ட் பேப்பரோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பெயின்ட் டின். "பளபளன்னு இருந்தாத்தான் மாமா நல்ல விலை போகும்" என்றான். மூடியின் உட்பக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்திருந்தான். அங்கே பென்சிலால் தமிழில் ஒரு பெயர். முதல் எழுத்து போய்விட்டது.

பெரியவர் குனிந்து பார்த்தார். "ஐயா, அது எங்கப்பா எழுதுனது. அவரு கையெழுத்து வேற எங்கயும் இல்லீங்க."

பேரன் கடதாசியைக் கீழே போட்டுவிட்டான். பிறகு மூவரும் சேர்ந்து செய்தது இதுதான்.

செய்ய வேண்டியவை

1. பெட்டியை வெயிலில் வைக்காதீர்கள். பலகை வளைந்து வெடிக்கும். நிழலில் காற்றாட நாலைந்து நாள் வையுங்கள்.

2. மெல்லிய பிரஷால் தூசி தட்டுங்கள். நன்றாகப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றுங்கள். எழுத்து, லேபல் உள்ள இடத்தில் ஈரம் படவே கூடாது.

3. துருப்பிடித்த திருகாணியின் வெட்டைச் சுத்தம் செய்து, ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். முதலில் சற்று இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். கழற்றியதை அட்டையில் அதே வரிசையில் குத்தி வையுங்கள்.

4. பித்தளைக்குப் புளி போடாதீர்கள். புளித்தண்ணீர் மரத்தில் இறங்கிக் கறையாகும். பிணைச்சலைக் கழற்றி, மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

5. விட்டுப்போன மூட்டுக்கு, பழைய ஆசாரிமார் பாவித்த வச்சிரமே நல்லது. வெந்நீர் பட்டால் அது இளகும். நாளைக்கு வேறு ஒருவர் திருத்தலாம்.

6. கடைசியில் வெளிப்புறத்தில் மட்டும் தேன்மெழுகு மெல்லிசாகப் பூசித் துடையுங்கள். பெயின்ட் வேண்டாம்.

துளையிலிருந்து புதிதாக மாத்தூள் கொட்டினால் பூச்சி உயிரோடு இருக்கிறது. பெட்டியைத் தனியாக வைத்து, ஆசாரியிடம் காட்டுங்கள். பெட்டியை அடுப்புக்கும் ஈரச் சுவருக்கும் தள்ளி, செங்கல் மேல் வையுங்கள். ஈரத் தடியை உள்ளே மூடாதீர்கள்.

விற்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். ஆனால் பழைய மெருகைச் சுரண்டிய பெட்டிக்கு, விஷயம் தெரிந்தவர் குறைத்துத்தான் கேட்பார். பெயின்டை எப்போதும் பூசலாம். போன எழுத்து வராது.

வீட்டில் பேசிப் பாருங்கள்

நம் வீட்டில் உள்ள பழைய பொருள் எது? அது யார் கையால் வந்தது? அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?